பாலிஷ் போட்ட காரில் வெயிலில் தெரியும் சுழல் கோடுகள்: வீட்டிலேயே எடுப்பது எப்படி?

கேள்வி இது: கறுப்பு கார், ஐந்து வருடப் பழசு. வெளியே கொடுத்து ரப்பிங், பாலிஷ் எல்லாம் போட்டு வாங்கினேன். வந்த அன்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. இரண்டு முறை கழுவியதும் பானெட்டிலும் கூரையிலும் வெயில் படும் இடமெல்லாம் வட்ட வட்டமாக, அலை அலையாகக் கோடுகள். வீட்டிலேயே எடுத்துவிட முடியுமா? இல்லை, பெயின்ட்தான் அடிக்க வேண்டுமா?

பெயின்ட் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், போட்ட பாலிஷ் கெட்டுப்போகவில்லை, பாதியில் நின்றுபோயிருக்கிறது. காம்பவுண்டை, அதாவது ரப்பிங்குக்குப் போடும் சொரசொரப்பான களிம்பை, வைத்துக் கம்பளி பேடால் வேகமாகத் தேய்த்தவர், அந்தப் பேடே போட்ட மெல்லிய கோடுகளை எடுக்கும் கடைசிச் சுற்றைச் செய்யாமல், மேலே வாக்ஸைத் தடவி அனுப்பியிருப்பார். காம்பவுண்டிலும் வாக்ஸிலும் உள்ள எண்ணெய்ப் பசை கோடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது இருக்கும்வரை பெயின்ட் கண்ணாடிதான். ஷாம்பூ போட்டு இரண்டு தடவை கழுவினால் பசை போய்விடும், கோடு பல்லைக் காட்டும். ஆகவே உங்களுக்கு வேண்டியது இன்னொரு ரப்பிங் அல்ல, விட்டுப்போன அந்தக் கடைசிச் சுற்று.

முதலில் எந்த வகைக் கோடு என்று பார்த்துவிடுங்கள். டியூப் லைட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதன் வெளிச்சம் பரவலாக விழும். ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும்: நேர் வெயில், அல்லது நல்ல எல்இடி டார்ச். டார்ச்சைக் காட்டியபடி கையை நகர்த்துங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்டங்கள் தெரிந்து, டார்ச் போகும் இடமெல்லாம் வலையும் கூடவே வந்தால், அவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்த கீறல்கள். பெயருக்குத்தான் அவை வட்டம். எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. பழைய எவர்சில்வர் தட்டை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள், இதே வலை தெரியும். அப்படியில்லாமல், பட்டை பட்டையாக, மெஷின் போய் வந்த பாதை அப்படியே தெரிந்து, நீங்கள் நடக்க நடக்க அதுவும் ஆடினால், அது மெஷின் போட்ட தடம். ஹோலோகிராம் என்பது இதைத்தான். நீங்கள் சொன்ன 'அலை அலை' இதுதான் என்று நினைக்கிறேன், 'வட்ட வட்டம்' பழைய கீறல்கள். மெஷின் தடம் பார்க்கத்தான் பயங்கரம், ஆழம் மிகக் குறைவு. இரண்டில் அதுதான் சுலபமாகப் போகும்.

கோட்டை எடுப்பது என்று சொல்கிறோமே தவிர, அங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டை, பள்ளத்தின் அடிமட்டம்வரை இறக்குவதுதான் பாலிஷ். இறக்குவது எதை? நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சை, அதாவது கிளியர் கோட்டை. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், உங்களிடம் இருக்கும் கையிருப்பு எவ்வளவு என்று புரியும். வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்தப் பூச்சுதான். அளவுக்கு மீறி மெலிந்தால் சில வருடங்களில் வெளுத்து, தோல் உரிவது போல உரியும். அதற்கப்புறம் எந்தப் பாலிஷும் உதவாது. உங்கள் கார் ஏற்கனவே ஒரு ரப்பிங்கைப் பார்த்துவிட்டது. அதனால்தான் திரும்பவும் காம்பவுண்டைத் தூக்காதீர்கள் என்கிறேன்.

நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் இடறினால் அந்தக் கீறல் ஆழமானது, விட்டுவிடுங்கள். இடறாத எல்லாவற்றுக்கும் நம்பிக்கை உண்டு.

மெஷின் விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. வீட்டில் செய்பவருக்கு டூயல் ஆக்‌ஷன் வகைதான், சுருக்கமாக டிஏ. இதில் பேட் தன் அச்சில் சுற்றுவதோடு, அந்த அச்சும் ஒரு சின்ன வட்டத்தில் சுற்றும். ஒரே வழியில் திரும்பத் திரும்பத் தேய்க்காததால் தடம் விழுவது அரிது. அதைவிட முக்கியம், பொதுவாகக் கிடைக்கும் டிஏக்களில் பேடின் சுழற்சி தளர்வாகத்தான் இருக்கும். நீங்கள் மிகையாக அழுத்தினால் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும், அதாவது தப்பு செய்தால் மெஷினே வேலையை நிறுத்திக்கொள்ளும். ரோட்டரி, அதாவது ஒரே அச்சில் மட்டும் சுற்றும் மெஷின், அப்படியல்ல. எவ்வளவு அழுத்தினாலும் சுற்றும், சூடேற்றும், ஓரத்தில் ஒரு நொடி நின்றால் பூச்சைத் தின்றுவிடும். உங்கள் பானெட்டில் இருக்கும் தடமும் அநேகமாக ரோட்டரியின் கைங்கரியம்தான். டிரில் மெஷினில் பேடை மாட்டிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டிரில் என்பது சமநிலை இல்லாத ரோட்டரி, அவ்வளவுதான். வேண்டாம்.

கையாலேயே செய்யலாமா? உள்ளங்கை அளவு இடத்துக்குச் சரி. முழு பானெட்டைக் கையால் தேய்த்தால் விரல் அழுந்திய இடம் ஒரு மாதிரியும் அழுந்தாத இடம் வேறு மாதிரியும் வரும், தோளும் போய்விடும். பற்பசை, எண்ணெய் போன்ற வைத்தியங்களும் காதில் விழுந்திருக்கும். எண்ணெய் தடவினால் கோடு மறையத்தான் செய்யும், முதல் தடவை வாக்ஸ் செய்த அதே வேலையை அது செய்கிறது. பற்பசையின் துகள் பல்லுக்காகச் செய்தது, கிளியர் கோட்டுக்காக அல்ல.

பேட் எல்லாம் ஃபோமாகவே இருக்கட்டும். மிக மென்மையான ஃபினிஷிங் பேட் மூன்று, நடுத்தர பாலிஷிங் பேட் மூன்று, 5 அங்குல அளவில். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியில் மென்மையானதற்கு இருக்கும் நிறம் இன்னொன்றில் வெட்டும் பேடுக்கு, அதாவது பூச்சை வேகமாகத் தேய்த்தெடுக்கும் பேடுக்கு, இருக்கும், பெயரைப் படித்து வாங்குங்கள். எதற்கு இத்தனை பேட் என்றால், வேலை நடக்க நடக்க ஃபோமுக்குள் பழைய பாலிஷும் தேய்ந்த பூச்சும் சேர்ந்து கனத்துவிடும். கனத்த பேட் வெட்டாது, சூடாகும், புதுக் கீறலும் போடும். பாலிஷில் ஃபினிஷிங் வகை ஒரு பாட்டில், அதைவிட ஒரு படி காரமானது ஒரு பாட்டில். சில பாலிஷ்களில் உள்ள துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நைசாகும். அந்த வகையைப் பாதியில் நிறுத்தினால் புகை படிந்தது போல மங்கல் நிற்கும். சிலவற்றில் துகள் கடைசிவரை ஒரே அளவில் இருக்கும். பாட்டிலின் பின்பக்கத்தில் இருப்பதைப் படித்தால் எத்தனை சுற்று என்பது புரிந்துவிடும்.

அப்புறம் கழுவல். இதை அவசரமாகச் செய்துவிட்டு மெஷினை எடுத்தால், மிச்சம் இருக்கும் மணலை நீங்களே அரைத்துப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். நிழலில் நிறுத்தி, நன்றாகத் தண்ணீர் அடித்து, இரண்டு வாளியோடு மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர், ஒவ்வொரு முறையும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவுக்குப் போக வேண்டும். கழுவிக் காய்ந்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த இடம் பைக்குள்ளிருந்து சொரசொரவென்று தட்டுப்படும். பிரேக்கிலிருந்து பறந்து வந்து ஒட்டிய இரும்புத் துகளும் மரப்பிசினும் தார்ப்புள்ளியும்தான் அது. இரும்புத் துகள் நீக்கியைத் தெளித்தால் துகள் உள்ள இடமெல்லாம் ஊதாவாக வழியும். காயவிடாமல் அலசிவிட்டு, மிச்சத்துக்கு கிளே பார், அதாவது ஒட்டிய அழுக்கைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கட்டி. வழுக்குத் திரவத்தைத் தாராளமாக அடித்து, கிளேயை எடையே இல்லாமல் இழுக்க வேண்டும். தரையில் விழுந்த கிளேயைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், அதில் புதைந்த மணல் போகாது. கிளே தன் பங்குக்குச் சில மெல்லிய கோடுகளைப் போடும். எப்படியும் பாலிஷ் போடப் போகிறீர்கள், பரவாயில்லை.

ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், பானெட்டின் கூரான மடிப்பு, பேனல்களின் ஓரம் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஓரத்திலும் மடிப்பிலும் பூச்சு மற்ற இடத்தைவிட மெலிதாக இருக்கும், பேடின் மொத்த அழுத்தமும் அந்தக் கோட்டில்தான் விழும். கிளியர் கோட் போய்விட்டது என்று யாராவது வந்து காட்டினால் பத்தில் எட்டு முறை அது ஓரம்தான். மேட் பெயின்ட் என்றால் இந்த வேலையே கூடாது, தேய்த்த இடம் பளபளத்துத் திட்டாகத் தெரியும்.

இனி சோதனைத் திட்டு. பானெட்டின் நடுவில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை டேப்பால் கட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சதுரம் சரியாக வரும்வரை வேறு எங்கும் மெஷின் படக் கூடாது. ஃபினிஷிங் பேடில், ஃபினிஷிங் பாலிஷை விட்டு, மென்மையான சேர்க்கையிலிருந்து ஆரம்பியுங்கள். மெஷின் டயலை மாற்றும்முன் பேட் ஒட்டும் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வேலை நடக்கும்போது அந்தக் கோடு சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்று கண் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கோடு நின்றால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

பேடில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு போதும். முதல் தடவை மட்டும் பேட் முழுவதும் லேசாகப் பூசிக்கொள்ளுங்கள். பேடைப் பெயின்டில் வைத்த பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷ் சுவர்வரை தெறிக்கும். மிகக் குறைந்த வேகத்தில் சதுரம் முழுக்கப் பரப்பிவிட்டு, டயலை 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள். பெரும்பாலோர் தவறுவது கையின் வேகத்தில். தரை துடைக்கிற மாதிரி விறுவிறுவென்று போனால் ஒன்றுமே ஆகாது. நொடிக்கு 3 சென்டிமீட்டர் அளவில், பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டும் வேகத்தில் நகர வேண்டும். இடமிருந்து வலம், ஒவ்வொரு வரியும் முந்திய வரியைப் பாதி மூடியபடி. அது முடிந்ததும் மேலிருந்து கீழ், அதேபோல. இப்படி நான்கு சுற்று. மெஷினின் எடையோடு கையின் எடை சேர்ந்தால் போதும், தோளைக் கொண்டு வராதீர்கள். கடைசிச் சுற்றில் அந்தக் கையெடையையும் எடுத்துவிடுங்கள். முடியும்போது பாலிஷ் ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாகத் தெரிய வேண்டும். வறண்டு தூளாகப் பறந்தால் பாலிஷ் குறைவு, அல்லது பேனல் சூடு. புறங்கையை வைத்தால் சுடும் பேனலில் தொடராதீர்கள்.

துடைத்ததும் மயங்கிவிடாதீர்கள். இப்போது தெரியும் பளபளப்பில் பாலிஷின் எண்ணெயும் கலந்திருக்கிறது, முன்பு ஏமாந்ததே இதில்தான். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 15 சதவீத அளவில் கலந்து தெளித்துத் துடையுங்கள், எண்ணெய் போய்விடும். பிறகு டார்ச்சைப் பல கோணங்களில் காட்டுங்கள். மெஷின் தடம் பெரும்பாலும் இந்த முதல் முயற்சியிலேயே காணாமல் போயிருக்கும். சிலந்தி வலை இன்னும் இருந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் கையை இன்னும் மெதுவாக்கி இரண்டு சுற்று கூட்டுங்கள். போதாவிட்டால் அதே பாலிஷ், நடுத்தர பேட். அதற்கும் மசியாவிட்டால்தான் காரமான பாலிஷ். காரமானதைப் பயன்படுத்தினால், அந்த இடத்துக்கு ஃபினிஷிங் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் மறுபடி வர வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதை விட்டதால்தான் இத்தனையும்.

கறுப்பு பெயின்டில் ஒரு தொல்லை, துடைக்கும் துணியே கோடு போடும். கிளியர் கோட்டின் கடினம் காருக்குக் கார் மாறும், மென்மையான பூச்சு அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் முதன்முதலில் என் காரின் பானெட்டுக்கு பாலிஷ் போட்டபோது, துடைக்கப் பழைய பனியன் துணியை வைத்திருந்தேன். துடைத்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள். பாலிஷ் சரியில்லை என்று மறுபடி போட்டேன், மறுபடி துடைத்தேன், மறுபடி கோடு. மூன்றாவது தடவைக்கு அப்புறம்தான், மெஷினுக்கும் பாலிஷுக்கும் சம்பந்தமில்லை, என் கையில் இருந்த துணிதான் காரணம் என்று உறைத்தது. அதற்குள் மூன்று சுற்றுக் கிளியர் கோட் வீண். நல்ல, தடித்த மைக்ரோஃபைபர் துணி பத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தைத்த லேபிளை வெட்டிவிடுங்கள். நாலாக மடித்தால் ஒரு துணிக்கு எட்டு முகம் கிடைக்கும், அழுக்கான முகத்தைத் திருப்பிவிடலாம். துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்க்காதீர்கள், இழை தன் உறிஞ்சும் குணத்தை இழந்துவிடும். கீழே விழுந்த துணி அன்றைக்குச் சக்கரம் துடைக்கத்தான்.

சோதனைத் திட்டு சரியாக வந்துவிட்டால் மற்றது பொறுமை மட்டுமே. அதே சேர்க்கை, அதே சுற்று, சதுரம் சதுரமாக. ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு மெஷினை மெதுவாக ஓடவிட்டு நைலான் பிரஷ்ஷால் பேடைச் சுத்தம் செய்யுங்கள், இரண்டு பேனலுக்கு ஒருமுறை பேடையே மாற்றுங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு அங்கேயே தங்கும், வேகத்தைக் குறைத்துப் போங்கள். மெஷின் வயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது பெயின்டில் உரசும். முதல் தடவைக்கு முழுக் காரும் ஒரு நாளில் முடியாது. பானெட்டும் கூரையும் ஒரு நாள், பக்கவாட்டு இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்வது உங்கள் முதுகுக்கும் நல்லது.

பேடில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்டில் நிறம் வருவது இயல்பு. உங்களுடையது ஐந்து வருடக் கார், அதில் நிறம் வந்தால் அந்த இடத்தில் பூச்சு தீர்ந்துவிட்டது. அதேபோல நூற்றுக்கு நூறு துரத்தாதீர்கள். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாத நாலு ஆழமான கீறலுக்காகப் பானெட் முழுவதையும் மெலியவைப்பது லாபமில்லாத வியாபாரம். நான் பத்தில் எட்டு போனதும் மெஷினை அணைத்துவிடுவேன்.

கடைசியாக வாக்ஸ், சீலன்ட், செராமிக் கோட்டிங், எது வேண்டுமானாலும் உங்கள் விருப்பம். எதுவும் கீறலைத் தடுக்கும் கவசம் அல்ல. அழுக்கு சுலபமாகக் கழன்றுவர உதவும், அவ்வளவுதான். செராமிக் போடுவதாக இருந்தால் கோடெல்லாம் போன பிறகே போடுங்கள். கோட்டின்மேல் போட்டால், அப்புறம் கோட்டை எடுக்க முதலில் கோட்டிங்கையே தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும். காய்ந்த தூசியைத் துணியால் தட்டுவதையும், பிரஷ் சுழலும் தானியங்கிக் கழுவலையும் இன்றோடு விட்டுவிடுங்கள். சிலந்தி வலை பின்னப்படுவது அங்கேதான்.

எதைப் பூசுவதற்கும் முன்னால், ஆல்கஹால் துடைத்த நிலையில், காரை ஒருமுறை நேர் வெயிலில் கொண்டுபோய் நிறுத்திப் பானெட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்காவது பட்டை ஆடினால் பேடும் பாலிஷும் இன்னும் கையில்தான் இருக்கின்றன, பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.